தூரத்துக்கு மட்டும் ஒரு லென்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறேன்.

பறவைகளைப் படமெடுக்கக் கேமரா வாங்கிவிட்டேன். கேமரா நடுத்தரம்தான், லென்ஸில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கடையில் இருந்ததிலேயே நீளமான ஜூம் லென்ஸ். "ரெண்டு கிலோ இருக்கு, கை தாங்குமா?" என்றார் கடைக்காரர். "டன் கணக்குல இரும்பு தூக்குறவன் சார் நான்!" என்றேன். தூக்குவது கிரேன், நான் உட்கார்ந்தபடி லீவரை அசைப்பவன் என்பதைச் சொல்லவில்லை. இப்போது தோள்பட்டையில் லேசான வலி. பயப்படாதே, நீ தேய்த்துவிடும் தைலம் ஒரு பாட்டில் அனுப்பு.

வேலையில்லாமல் நிற்கும் எதிர் கிரேனின் உச்சியில் ஒரு பருந்து தன் குஞ்சுக்கு இரை ஊட்டியதை என் கேபினிலிருந்தே எடுத்தேன். இன்ஜினியர் அதைப் பெரிதாக அச்சிட்டு ஆபீஸ் சுவரில் மாட்டி, கீழே 'எடுத்தவர்: நம்ம கிரேன் ஆபரேட்டர்' என்று எழுதியிருக்கிறார். வருகிறவர்களெல்லாம் நின்று பார்க்கிறார்கள், அம்மா!

நீ கேட்ட என் படத்தைத்தான் இதில் எடுக்க முடியவில்லை. எங்கள் அறை சின்னது. இந்த லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற முகமெல்லாம் மங்கல். தூரத்தில் இருப்பதுதான் துல்லியம். என் கண்ணும் இப்போது அப்படித்தான், ஊரில் இருக்கும் நீதான் தெளிவாகத் தெரிகிறாய்.

வேலைக்குப் போகும் வண்டி ஹார்ன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மூத்தவன்