ஒரு கிடாய்க்குப் போன முதல் தெரிவு

திருகோணமலை
12.8.1974

அன்பின் அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் மூச்சிழுப்பு குறைந்ததா?

இங்கே துறைமுகத்து எல்லே பந்தாட்டத்தில் கடைசியாக வந்த அணிதான் புது வேலையாட்களில் முதல் ஆளைத் தன் அணிக்குத் தெரிவுசெய்யலாம். இம்முறை கடைசி எங்கள் கிரேன் பகுதி. எங்கள் அணித் தலைவர் மைக்கல் அந்த உரிமையை, முதலிடம் வந்த களஞ்சியப் பகுதிக்கு ஒரு கிடாய்க்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் கிண்ணியாச் சரீப்பை எடுத்தார்கள். நேற்று அவன் எங்களுக்கு எதிராக அடித்த பந்து கடலில் கிடக்கிறது.

மானங்கெட்ட வியாபாரம், இதைத் தடைசெய்ய வேண்டும் என்று கத்தினேன்.

"நீயும் அந்தக் கிடாய்க்கறியில ரெண்டு கோப்பை திண்டனீதானே?" என்றார் மைக்கல்.

ஓம் அம்மா, தின்றேன். கறித்தூள் அனுப்புங்கள், இனி நானே சமைத்து வயிறாரச் சாப்பிடுகிறேன். அடுத்த வருடம் கிடாய் வெட்டும்போது எனக்குப் பசிக்கக் கூடாது.

வேலைச் சங்கு ஊதுகிறது.

உங்கள் மகன்,
இக்னேசியஸ்