வலப்பக்கம் தள்ளப்பட்ட ஒன்பது பேர்

மார்ச் 1, ருசே
ஆபரேஷன் தியேட்டர் தலைமை நர்ஸ் ஸ்தோயன்கா அக்கா சிவப்பு வெள்ளைக் கயிறு கொண்டுவந்தாள். கையில் கட்டினால் தியேட்டருக்குள் விடமாட்டார்கள், கணுக்காலில் கட்டிக்கொண்டேன். முதல் நாரை கண்ணில் படும்வரை அவிழ்க்கக் கூடாது என்பது எங்கள் ஊர் மார்ச் வழக்கம்.

எங்கள் தலைவர், பேராசிரியர் கர்ஷேவ், கூப்பிட்டார். அறுவை மருத்துவர் சங்கம் மலக்குடல் புற்றுநோய்க்குப் பரிந்துரைகள் எழுதுகிறது. சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பிப் பகுதி எங்கள் பொறுப்பாம். "நீ எழுது ஸ்னெஷானா. நம்ம அறுபத்தொரு கேஸ்ல ஒண்ணுகூடச் சொதப்பல."

ஒன்றுகூடவா? அப்படியானால் என் நோயாளி தோப்ரின்?

மார்ச் 4
பதிவேட்டை எடுத்தேன். இடப்பக்கம் லேப்ராஸ்கோப்பி, வலப்பக்கம் வயிற்றைத் திறந்து செய்தவை. துளை போட்டுத் தொடங்கி, முடியாமல் பாதியில் திறந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரையும் பேராசிரியரின் பச்சை மை அடித்து வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. ரத்தப்போக்கு, சீழ் எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பளிச். இதுதான் சான்றாம். வெட்கக்கேடு.

ஒன்பதில் நான்கு என்னுடையவை.

மார்ச் 5
எழுதிவிடுகிறேன். தோப்ரின், தனூப் ஆற்றில் படகு ஓட்டுபவன். இடுப்பெலும்பு குறுகல், உள்ளே எதுவும் சரியாகத் தெரியவில்லை. திறக்க வேண்டும் என்று தெரியும். ஆனாலும் நாற்பது நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் திறந்தேன். ஏன்? வலப்பக்கம் போய்விடக் கூடாதே என்றுதான். வெட்டு விளிம்பில் புற்று மிஞ்சியது. இந்த வருடம் திரும்பி வந்துவிட்டது.

"சின்ன ஓட்டைதான்னு சொன்னீங்களே டாக்டர், அப்புறம் எப்படித் திரும்ப வந்துச்சு?" என்று கேட்டான். அடுத்த ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 9
ஒன்பது பேரையும் இடப்பக்கமே சேர்த்து அட்டவணை கொடுத்தேன். அறுபத்தொன்று அல்ல, எழுபது.

"எப்படி முடிஞ்சுதோ அதை வெச்சுத்தாம்மா கணக்கு," என்றார் கர்ஷேவ்.

"எது நல்லதுன்னு நோயாளி கேக்கறது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, புரொஃபசர்."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

மார்ச் 10
பெரிய ஆபரேஷன் பட்டியலில் என் பெயர் இல்லை. இனி மூலமும் குடலிறக்கமும்தான். சரி. மூலக்காரனுக்கும் வலிக்கத்தானே செய்கிறது!

மார்ச் 17, சோஃபியா
பரிந்துரைக் குழுவில் பதினோரு பேர். அவர்கள் வாசகம்: "எல்லா மருத்துவமனைகளுக்கும் வலுவாகப் பரிந்துரைக்கிறோம்." வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம் — அதை நான் மறுக்கவில்லை. என் வாசகம்: "பழகிய கைகளில், தகுந்த நோயாளிக்கு. பாதியில் திறந்ததையும் லேப்ராஸ்கோப்பியிலேயே எண்ண வேண்டும். திறப்பது தோல்வி அல்ல."

"லேப்ராஸ்கோப்பிக்கே நீங்க எதிரியா?" என்றார் ஒருவர்.

"பொய்க்கு."

இழுபறி. ஏப்ரல் 12 அன்று ஓட்டெடுப்பு. கர்ஷேவ் என் முகத்தையே பார்க்கவில்லை.

மார்ச் 24
ஆற்றோரம் நாரை. கயிற்றை அவிழ்க்கவில்லை. ஓட்டெடுப்பு முடியட்டும்.

மார்ச் 28
கர்ஷேவ் என் அறைக்கு வந்தார். இந்தப் பதினோரு வருடத்தில் முதல் தடவை. அவருடைய அண்ணன் லுபெனுக்கு மலக்குடலில் புற்று.

"நீ பண்ணு. திறக்க வேண்டியிருந்தா யோசிக்காம திறப்பே."

நான் கேட்டேன்: "எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 3
லுபென். அதே குறுகல். பத்து நிமிடம் முயன்றேன். "திறக்கிறேன்." கதவருகே நின்ற கர்ஷேவ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏப்ரல் 10
பரிசோதனை முடிவு: விளிம்பு சுத்தம்.

ஏப்ரல் 11
ஸ்தோயன்கா அக்கா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதைப் பாருடீ." இடப்பக்கம், பச்சை மை: லுபென் கர்ஷேவ், லேப்ராஸ்கோப்பி, பாதியில் திறந்தது. அதற்கு மேலே ஒன்பது பெயர்களும் இடப்பக்கத்துக்கே திரும்பியிருந்தன. தோப்ரின் மூன்றாவது.

நாளை ஓட்டெடுப்புக்கு சோஃபியாவுக்கு கர்ஷேவ் காரிலேயே போகிறோம். திரும்பும்போது தோப்ரின் வீட்டில் நிறுத்தச் சொன்னேன். திறக்காமல் தாமதித்தது நான்தான் என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

"நானும் உள்ள வர்றேன். வலப்பக்கம் தள்ளினது நான்தானே," என்றார் கர்ஷேவ்.