ஸ்கோப்புக்கு வைத்த சந்தனப் பொட்டு

வடமதுரை

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கச்சி தமிழ்மதியும் நல்ல சுகம், அந்த நார்வே குளிரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். தங்கச்சி துப்பாக்கி சுடும் மாநிலப் போட்டிக்குத் தேர்வானதை அன்றைக்கே சொல்லிவிட்டாள், ஆனால் அதற்கு முன்னால் நடந்த கூத்தை நான் போனில் ஆரம்பித்தால் உன் அப்பா போனைப் பிடுங்கிக் கதையையே மாற்றிவிடுவார்.

ஆயுத பூஜை அன்று சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் அவரை நிறுத்த முடியாது என்பது உனக்குத் தெரியாததா. மாவு மில் மோட்டார், தராசு, வண்டி, மிக்சி, வைஃபை பெட்டி வரைக்கும் பொட்டு வைத்தார். நீ போன லீவில் தங்கச்சிக்கு வாங்கிக் கொடுத்தாயே துப்பாக்கியில் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப், அது மேசைமேல் மூடி கழற்றி இருந்திருக்கிறது. துப்பாக்கியைத் திண்டுக்கல் கிளப்பில் வைத்தாலும் ஸ்கோப்பை மட்டும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். இதுவும் ஆயுதம்தானே என்று முன் கண்ணாடி நடுவில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டு மனிதர் மில்லுக்குப் போய்விட்டார். நாங்கள் பார்க்கும்போது காய்ந்து இறுகிப்போயிருந்தது. தேர்வுப் போட்டியோ அந்த ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை முகம் சுண்டிப்போய்விட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை, வெள்ளி விளக்கைத் துலக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று கிளம்பினேன். மில்லிலிருந்து ஓடிவந்த அப்பா தோள் துண்டை எடுத்தார், அதை உதறினால் ஒரு தோசைக்கு மாவு தேறும். தமிழ்மதி ஸ்கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் செத்த நேரம் இதத் தொடாம இருந்தாலே போதும்" என்றாள். கண்ணாடிமேல் மெல்லிய பூச்சு இருக்கிறதாம், காய்ந்த பொட்டோடு தேய்த்தால் மணலால் தேய்த்த மாதிரி கீறிவிடுமாம், அப்புறம் குறி தெளிவாகத் தெரியாதாம். ஸ்டூடியோ வைத்திருக்கும் நியாஸிடம் போய் லென்ஸ் துடைக்கிற திரவமும் அதற்கென்று உள்ள தாளும் வாங்கிவந்தாள். முதலில் ரப்பர் பல்பால் காற்றை ஊதி உதிர்கிறதை உதிர்த்தாள், பிறகு மெத்தென்ற பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். திரவத்தைக் கண்ணாடியில் ஊற்றாமல் தாளில் விட்டு, பொட்டின்மேல் அந்தத் தாளைச் சும்மா வைத்து ஊறவிட்டு எடுத்தாள், ஒவ்வொரு முறையும் புதுத் தாள். சந்தனம், குங்குமம் அத்தனையும் வந்தபிறகுதான் நடுவில் தொடங்கி ஓரத்துக்கு அழுத்தாமல் வட்டமாகத் துடைத்தாள். அதுவரை உன் அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை, பூச்சின் அந்த ஊதா மினுமினுப்பு அப்படியே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிறு காலையில் மறுபடி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். தமிழ்மதி பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "இனிமே பொட்டு உனக்கு மட்டுந்தேன் தாயி" என்று அவள் நெற்றியில் வைத்தார். அந்தப் பொட்டோடு போய்த்தான் ஜெயித்து வந்தாள். மறுநாள் மில்லுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கூலி வாங்காமல் அரைத்துக் கொடுத்தார், நானும் வாயைத் திறக்கவில்லை, எனக்கும் அம்புட்டுச் சந்தோஷம்.

வெறும் ரொட்டியைத் தின்று படுக்காமல் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஏதாவது செய்து சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும் அப்பு. ஒன்றை மறக்காதே, வீடியோவில் பேசும்போது உன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் தேய்க்கிறாய், அதுவும் பூச்சுள்ள கண்ணாடிதான் என்று தங்கச்சி திட்டுகிறாள். பொங்கலுக்கு வந்து இறங்கும்போது எங்கள் முகம் உனக்குக் கீறல் இல்லாமல் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா
சண்முகவள்ளி