அரை மணி நேரம் கூடுதல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் இங்கு நலம்.

ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். படிக்கும்போது எனக்கு எழுத்துகள் ஏன் குழம்புகின்றன என்று பல்கலைக்கழக மருத்துவர் சோதித்துப் பார்த்தார். அதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயராம். சோம்பேறித்தனம் இல்லையாம். ஆகவே சின்ன வயதில் நீங்கள் அடித்ததெல்லாம் வீண்தான், அதற்காக வருத்தப்படாதீர்கள். தேர்வில் அரை மணி நேரம் கூடுதலாகத் தரும்படி சான்றிதழ் கொடுத்தார். வகுப்பு தொடங்குமுன் அதில் கையெழுத்து வாங்கப் பேராசிரியரிடம் போனேன்.

“இதையாவது உன்னால படிக்க முடிஞ்சுதா?” என்றார். வகுப்பே சிரித்தது.

“முடியும் சார்.”

“அப்ப படி, எல்லாரும் கேக்கட்டும்.”

படித்தேன். மூன்றாவது வரியில் நாக்கு சிக்கிக்கொண்டது. என் பக்கத்தில் உட்காரும் தோழி மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தாள். ஆனாலும் கடைசி வரி வரை படித்தேன். கையெழுத்துப் போட்டார். காரியம் முடிந்தது.

இத்துடன் அனுப்பும் என் பாடப்புத்தகத்தைத் தங்கையிடம் வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள், கேட்டுப் படித்துக்கொள்வேன். மெதுவாக வாசிக்கட்டும். நடுவில் வீட்டுச் சத்தம் விழுந்தாலும் பரவாயில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று அப்பா. இந்தக் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம். போன தடவை அனுப்பியதை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

உங்கள் மகள்