ஒற்றை மணி

மாப்ள,

குக்கருக்கு மூடி தேடி விளாங்குடியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். அது கண்ணில் பட்டுத் தொலைத்தது. பச்சைப் பெயிண்ட் உரிந்த பெட்டி, பக்கவாட்டில் மடக்குக் கைப்பிடி, கித்தான் உறை. கசிந்த பேட்டரியின் அதே வாடை.

"பட்டாளத்துப் போனுண்ணே. வேலை செய்யாது, ஷோவுக்கு வச்சுக்கலாம்" என்றான் கடைக்காரன். யாரிடம் சொல்கிறான் பார்! கம்பி மாட்டும் முனைகளில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் கைப்பிடியைச் சுற்றினேன். சுருக்கென்று ஷாக் அடித்தது. பெட்டி இன்னும் சாகவில்லை.

பேசத்தான் பேட்டரி, மணியடிக்க நம் கைதான். இங்கே சுற்றினால் பிறக்கிற கரண்ட் கம்பி வழியே ஓடி அங்கே மணியை அடிக்கும். நாம் பட்டாளத்தில் கிடந்த அந்தப் பனிமலையில் பேட்டரி சட்டென்று செத்துவிடும். அதனால் நமக்குள் ஒரு வழக்கம். அறுந்த லைனை ஒட்டியதும் நீ ஒரு மணி, பதிலுக்கு நான் ஒரு மணி. எல்லாம் சரி என்று அர்த்தம், ரிசீவரை எடுக்க வேண்டியதில்லை. ஆபத்து என்றால் மூன்று மணி.

அன்று லைன் அறுந்தபோது உன்னோடு வரவேண்டியவனுக்குக் காய்ச்சல். "அம்புட்டுத் தூரம் ஒண்டியாவா?" என்றேன். "ஒன்னய மாதிரி பயந்தாங்கொள்ளியாடா நானு? போயிட்டு வாரேன்" என்று போனை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினாய். வாய்க்கொழுப்பு உனக்கு!

மதியம் உன் மணி ஒரே தடவை அடித்தது. நானும் ஒன்று அடித்தேன். அவ்வளவுதான்.

பொழுது சாயத் தேடி வந்தோம். லைன் கம்பிக்குப் பக்கத்தில்தான் இருந்தாய். பனி சரிந்து இடுப்புவரை மூடியிருந்தது. உன் கை கைப்பிடியிலேயே விறைத்திருந்தது. அடுத்த சுற்று பாதியில் நின்றிருந்தது. மூன்று அடிக்கத்தான் பார்த்திருக்கிறாய், பாவி மனுசா. ஒன்றுக்குத்தான் தெம்பு இருந்திருக்கிறது.

உன் உடலோடு கொட்டாம்பட்டிக்கு வந்தபோது உன் வீட்டுக்காரி கேட்டது ஒன்றே ஒன்று. "கடைசியா என்ன சொன்னாருண்ணே?" போனில் பேசினான், உன்னைப் பற்றித்தான் கேட்டான் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடமும் அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே அவள் காலத்தை ஓட்டினாள். அவள் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். இந்தப் பொய்யோடு சாக எனக்கு மனசில்லை.

கடையிலிருந்து நேரே பஸ் பிடித்துக் கொட்டாம்பட்டிக்குப் போனேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். தூற்றினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

உரித்த காயை ஓரமாக நகர்த்திவிட்டு, "நீங்க திருப்பி அடிச்சது அவருக்குக் கேட்டுருக்குமாண்ணே?" என்றாள்.

"கேட்டிருக்கும் தாயி."

"அப்ப ஆளு வருதுன்னுதான காத்துக்கிட்டு இருந்திருப்பாரு?"

அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் என்னிடம் கேட்டுக்கொள்ளத் துணிந்ததில்லை, மாப்ள. ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதையும் சொல்லியிருப்பேன். நீ காத்துக்கிடந்த அத்தனை நேரமும் நான் அடுப்போரம் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தேன். நல்ல கை விழுந்திருந்தது.