நான் தர மறுத்த பிஸ்கெட்

என் பிரியமான அப்பாவுக்கு,

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒரே வீட்டில், ஒரே ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? அதை இப்போது எழுதுகிறேன், அதுவும் ஊரே படிக்கும்படி. கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயால் சொல்வதைவிட அச்சில் வந்ததைத்தான் நீங்கள் நம்புவீர்கள். பஜ்ஜி மடித்துவந்த காகிதத்தைக்கூட எண்ணெய்க் கறையோடு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நாளை உங்களுக்கு முதல் வருடத் திவசம். படையலுக்கு என்னென்ன வைக்க வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாக விரல் மடக்கிக்கொண்டிருக்கிறார். அரிசிம்பருப்புச் சாதம், ஒப்புட்டு, பூசணிக்காய்ப் பொரியல், வெற்றிலை பாக்கு. நேற்றுக் காய் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "அப்பறம் அந்தக் கொதிக்கவெச்ச பிஸ்கெட்டு. அது இல்லாம எப்படி?"

நான் அப்படியே எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது போத்தனூரில் ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனீர்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அந்த வீட்டம்மா நாலு மணி டீயோடு ஆளுக்கொரு பிஸ்கெட் தந்தாராம். அதைச் சுடவே இல்லை, கொதிக்கவைத்தே செய்தது என்று அவர் சொன்னதும் நீங்கள் ஏணியிலிருந்து இறங்கிவிட்டீர்கள். சாயங்காலம் சுண்ணாம்புக் கையோடு வாசலில் நின்று கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது: "ஓவனே வேண்டாமாம் புள்ள! நம்ம கேஸ் அடுப்பே போதுமாம்!"

பால், சர்க்கரை, வெண்ணெய், கோகோ பவுடர். நான்கையும் ஒரே சட்டியில் போட்டு அடுப்பில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்ததிலிருந்து சரியாக ஒரு நிமிடம். இறக்கி, வறுத்து அரைத்த நிலக்கடலை விழுதையும் ஓட்ஸையும் கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் கரண்டி கரண்டியாக வைத்தால் அரை மணியில் தானாக இறுகிவிடும். அவ்வளவுதான். நம் தெரு மளிகைக் கடையில் அப்போது ஓட்ஸ் கிடையாது. நீங்கள் அவலை வறுத்துப் போட்டீர்கள். "ஓட்ஸு குதிரைக்குப் போடறது. அவலு சாமிக்குப் படைக்கறது. எது ஒசத்தி?" என்று அம்மாவிடம் நியாயம் கேட்டீர்கள்.

பக்கத்து வீட்டுச் சரசக்கா சன்னலில் எட்டிப் பார்த்தார். "ஏனுங்ண்ணா, பிஸ்கெட்டை டீயில முக்கித் திம்பாங்க. நீங்க பிஸ்கெட்டையே டீயாட்டம் காச்சறீங்களா?"

"ஆறட்டும் அம்மணி. தின்னுபோட்டுப் பேசு" என்றீர்கள். சரசக்கா நான்கு தின்றுபோட்டு, அப்புறமும் பேசினார்.

ஒரு நிமிடம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. கொதி குறைந்தால் இறுகாமல் தட்டோடு ஒட்டிக்கிடக்கும். கூடினால் மணலாக உதிரும். நம் வீட்டுக் கடிகாரம் அப்போது நின்றுபோயிருந்தது. அதனால் அறுபதுவரை எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான் எண்ண வேண்டும் என்றீர்கள். "இங்கிலீஷ்காரங்க பலகாரம். ஒண்ணு ரெண்டுன்னா அதுக்கு ரோசம் வந்துரும்."

எனக்குக் குரலே வராது. வகுப்பில் 'உள்ளேன் டீச்சர்' சொல்லவே வியர்க்கும். நான் உதட்டுக்குள் முணுமுணுக்க, நீங்கள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "சத்தமாச் சொல்லு அம்மணி, பாலுக்குக் கேக்கோணும்" என்பீர்கள். ஒருநாள் ஃபார்ட்டி நைனுக்கு அடுத்தது மறந்துபோய் நான் விழிக்க, நீங்கள் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்க, அன்றைக்கு எல்லாம் பொடிப்பொடியாகப் போய்விட்டது. "அதனால என்ன? ஸ்பூன்ல தின்னாப் போச்சு" என்றீர்கள்.

என் பரீட்சை முடிவு வரும் நாள்களில் எல்லாம், முடிவு வருவதற்கு முன்பே செய்து வைத்துவிடுவீர்கள். பாஸானால்தானே இனிப்பு என்று அம்மா கேட்டால், "பாஸானா அதுக்கே சந்தோசம் வந்துரும். ஃபெயிலானாத்தானே ஆறுதலுக்கு ஏதாச்சும் வேணும்?" என்பீர்கள். நம் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் டிகிரி நான்தான். அந்தப் பட்டத்தில் எத்தனை கிலோ அவல் கலந்திருக்கிறதோ.

இப்போது நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வாடிக்கையாளர் பிரிவில் இருக்கிறேன் அப்பா. நாள் முழுக்க ஃபோனில் பேசுகிற வேலை. "மோட்டார் ஓடுது, தண்ணி வரலைங்க" என்று தொண்டாமுத்தூரிலிருந்து யாராவது கூப்பிட்டால், வயரை எப்படி மாற்றிப் போட வேண்டும் என்று சத்தமாகவே சொல்கிறேன். என்னாலா என்று உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா?

போன வருடம் இந்த வேலைக்கு ஆர்டர் வந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. உங்களுக்கு ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அடுப்புக்கு முன் உட்கார்ந்து, கடைசியாகச் செய்தீர்கள். தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்தனுப்பினீர்கள். அப்புறம் நான் டப்பாவை மூடப் போனபோது கேட்டீர்கள்.

"ஒண்ணே ஒண்ணு, அம்மணி."

அதற்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் உங்கள் சர்க்கரை ரிப்போர்ட்டைத் தந்திருந்தார்கள். முழுக்க ஆங்கிலம். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "என்ற புள்ள படிச்சுச் சொல்லும்" என்று என் கையில் கொடுத்தீர்கள். நானும் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். எது கூடியிருக்கிறது, எதைத் தொடக் கூடாது என்று. அன்றிலிருந்து நம் வீட்டில் என் வாய்தான் சட்டம்.

"வேண்டாமுங்கப்பா. ரிப்போர்ட்டுல போட்டிருக்கறதப் படிச்சுக் காட்டுனேனுங்கல்ல?" என்றேன்.

"ஆமாமா, போட்டிருக்குது" என்று சிரித்துக்கொண்டே கையைத் துண்டில் துடைத்துக்கொண்டீர்கள். கையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. நான் டப்பாவைக் கொண்டுபோய் பீரோ மேல் வைத்தேன். உங்களுக்கு ஏற முடியாது என்று தெரிந்துதான் அங்கே வைத்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். இருதய அடைப்பு, பல வருடமாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "எதுக்கும் ஆசைப்படாமப் போயிட்டாரு, புண்ணியவான்." அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவேன். நீங்கள் ஆசைப்பட்டீர்கள். என்னிடம் கேட்டீர்கள். நான் மறுத்தேன். ஒரு வருடமாக யாரிடமும் இதைச் சொல்லவில்லை அப்பா. மறுத்த கையாலேயே நாளை அதை இலையில் வைப்பதா?

இன்று லீவு போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். படையலுக்குச் செய்வதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது அல்லவா? உப்பு உறைப்புக்கூடக் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பார் அம்மா. ருசி பார்க்க வழியில்லை என்றதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. பதம் தப்பிவிட்டால் உங்கள் இலைக்கு என்ன போடுவது? நான் எண்ண ஆரம்பித்தபோது, கடலை மிட்டாய்க்குப் பாகு பார்க்கிற மாதிரி ஒரு கிண்ணத்தில் தண்ணீரை வைத்து, அதில் ஒரு சொட்டை விட்டு விரலால் உருட்டினார்.

"இன்னும் உருளல கண்ணு. கொஞ்சம் இருக்கட்டும்."

"அம்மா, இது பாகு இல்லீங்க. அறுபது ஆயிருச்சு."

"நீ சும்மா இரு. இருவது வருசமா பாகு காச்சறவ நான்." மறுபடி ஒரு சொட்டு. மறுபடி ஒரு சொட்டு. வெண்ணெயும் பாலும் சேர்ந்தது தண்ணீரில் எப்படி உருளும்? அது கலங்கிக் கலங்கிப் போனது. கடைசியில் உருண்டபோது சட்டி அடியில் தீய்ந்த வாசம். கிளறித் தட்டில் வைத்தால் ஒவ்வொன்றும் மண்ணாங்கட்டி மாதிரி உடைந்தது.

எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்ததோ. "அன்னிக்குத்தான் தராம விட்டேன், இன்னிக்காவது ஒழுங்காத் தரலாம்னு பாத்தா!" என்று கத்திவிட்டேன்.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "என்னிக்கு?"

சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து நீங்கள் கேட்டது, நான் சொன்னது, பீரோ மேல் டப்பாவை வைத்தது, எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். என்னைத் தேற்றுவார் என்று பார்த்தால், அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் குடுத்துட்டேன் கண்ணு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பொதங்கெழம விடியால. பால் பாக்கெட்டு எடுக்க எந்திரிச்சவரு, பீரோவைப் பாத்துக்கிட்டு நின்னாரு, சின்னப் பையனாட்டம். மனசு கேக்கல. நாந்தான் ஸ்டூலைப் போட்டு ஏறி ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். பாதியக் கடிச்சுபோட்டு மீதிய என்ற கையில வெச்சாரு. 'புள்ள சொன்னதுல பாதியாவது கேட்டாப்பல இருக்கட்டும், அம்மணிகிட்டச் சொல்லிப்போடாத'ன்னு சிரிச்சாரு."

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம் அப்பா. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நீங்கள் தின்றீர்கள். பாதியாவது தின்றீர்கள். ஒரு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. அப்புறம்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"மறுநாளே போயிட்டாரு. நீ வேண்டாம்னு சரியாத்தான் சொன்ன. நாந்தான் குடுத்துக் கொன்னுபோட்டேன்."

அதற்காகத்தான் அப்பா, வந்தவர்களிடமெல்லாம் நீங்கள் எதற்கும் ஆசைப்படவில்லை என்று அத்தனை தடவை சொன்னார். நான் கொடுக்காததை மறைத்தேன். அவர் கொடுத்ததை மறைத்தார். ஒரே அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டு.

பாதி பிஸ்கெட்டில் யாருக்கும் நெஞ்சு நின்றுவிடாது என்றேன். அடைப்பு பல வருடத்தது என்று டாக்டரே சொன்னதை நினைவுபடுத்தினேன். பீரோவைத் திறந்து, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தந்த உங்கள் இருதய ரிப்போர்ட்டை எடுத்துவந்து வரிவரியாகப் படித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுல பிஸ்கெட்டைப் பத்திப் போட்டிருக்குதா?" என்றார். இல்லை என்றேன். "அப்பறம் அதுக்கு என்ன தெரியும்? நீ படிச்சவ. என்னைத் தேத்தச் சொல்லுவ" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பால் பாக்கெட்டை வெட்டினார்.

இரண்டாவது சட்டி சரியாக வந்தது. அம்மா கிண்ணத்தைத் தொடவில்லை. நான் எண்ணியது சரசக்கா வீடுவரை கேட்டிருக்கும். இப்போது தட்டில் இருபத்திரண்டு பிஸ்கெட் இறுகி உட்கார்ந்திருக்கின்றன. எறும்பு வராமல் தட்டைத் தண்ணீருக்கு நடுவில் வைத்திருக்கிறோம். இருவரும் இன்னும் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. நாளை உங்களுக்கு வைத்த பிறகுதான்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி அம்மா எதைக் கேட்டாலும், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்ப்பேன். மறுக்க வேண்டியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து மறுப்பேன்.

இத்தனையும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். கேட்கலாமா என்று இதுவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

நீங்கள் அம்மாவின் கனவில் வருகிறீர்களாம். இன்று சாயங்காலம்தான் சொன்னார். வந்து வாசற்படியிலேயே நிற்கிறீர்களாம், வாய் திறப்பதில்லையாம். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கோபமாக இருக்காது, என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தானே. ஆனால் அடுத்த முறை நிற்காதீர்கள் அப்பா. உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். "நீ குடுத்ததால எனக்கு ஒண்ணும் ஆகல புள்ள" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் படிப்பு பேசுகிறது என்கிறார். நீங்கள் சொன்னால் நம்புவார்.

உங்கள் ஒரே மகள்,
பூங்கொடி