கடதாசியில் இருந்த கையுறை

நானா,

இன்று காலை கடற்கரை வீதியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருந்த வள்ளம் ஒன்றின் அடிப்பக்கத்துக்கு யாரோ பெயின்ற் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் முதலில் தும்மல் வந்தது, பிறகு நினைவில் நீங்கள் வந்தீர்கள். முகம் ஏன் இப்படிப் போனது என்று சாரதி கேட்டார். வெயில் என்று சொன்னேன். பொய் சொல்ல எனக்கு இப்போதெல்லாம் யோசிக்கவே தேவையில்லை.

நாட்டுக்குள் புதிதாக வரும் ஒரு இரசாயனத்தைப் பாவனைக்கு விடுமுன், அதனால் யாருக்கு என்ன கேடு வரும் என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் குழுவின் வேலை. நான் தலைவி, நீங்கள் கள உத்தியோகத்தர். வயதில் மூத்தவர், பதவியில் கீழே. கந்தோரில் என்னை 'மெடம்' என்பீர்கள், ஜீப்பில் ஏறிவிட்டால் 'தங்கச்சி'. எனக்கு நீங்கள் அண்ணன் முறை, 'நானா'.

நான் தாள்களைப் பார்ப்பேன், நீங்கள் கைகளைப் பார்ப்பீர்கள். வெருகலில் ஒருமுறை, வயலுக்கு மருந்தடித்த கமக்காரர் கை கழுவிவிட்டா சாப்பிடுகிறார் என்று பார்ப்பதற்காக அரைநாள் வரம்பில் குந்தியிருந்தீர்கள். நான் ஜீப்புக்குள் இருந்து ஹோன் அடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, அவர் கை கழுவவில்லை, எனக்கும் அந்தக் கையாலேயே சோறு தந்தார், வாங்கிச் சாப்பிட்டேன் என்று சிரித்தீர்கள். உங்களுக்கு விசர் என்று நான் ஏசினேன்.

பிறகு அந்தப் பெயின்ற் வந்தது. வள்ளத்தின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் புதுச் சரக்கு. கம்பனி தந்த தாளில், பூசுகிறவர் கையுறை அணிவார் என்று இருந்தது. எங்கள் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் உண்டு. 'ஓம்' என்று சரி போட்டால் ஆபத்து 'தாழ்வு' என்று வரும், 'இல்லை' என்று போட்டால் 'உயர்வு'. உலகத்தில் ஒருவரும் கையுறையை மறப்பதில்லை என்று நம்பி யாரோ செய்த படிவம்.

நீங்கள் உங்கள் ஊர்க் கரைக்கே, கிண்ணியாவுக்குப் போய் மூன்று நாள் இருந்து பார்த்து எழுதி வந்தீர்கள். ஒருவரும் கையுறை போடுவதில்லை. பிறசுக்கு எட்டாத இடங்களுக்குப் பழைய சாரத்துண்டைத் தோய்த்துக் கையாலே தேய்க்கிறார்கள், பிறகு மண்ணெண்ணெயில் கை கழுவுகிறார்கள். இதையெல்லாம் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தீர்கள். மேசையில் அதை வைத்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை: "மெடம், கிளவுஸ் கடதாசியிலதான் இரிக்கி. கையில இல்ல."

வாடைக்காலத்தில்தான் வள்ளங்களைக் கரையேற்றிப் பூசுவார்கள். அதற்கு முன் முடிவு வேண்டும் என்று கொழும்பிலிருந்து நாளுக்கு இரண்டு தரம் கோல் எடுத்தார்கள். நீங்கள் எழுதிய அந்தப் பக்கத்தை அறிக்கைக் கோவையிலிருந்து கழற்றினேன். கட்டத்தில் 'ஓம்' என்று சரி போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நல்ல வேலைக்காரி என்ற பெயரையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த வாடை முடியுமுன் உங்கள் ஊரில் பலருக்குக் கைத்தோல் உரிந்தது. உங்கள் அடுத்த வீட்டுக்காரருக்கு விரல் மரத்து, வலை பிடிக்க ஏலாமல் போனது. பெயின்றை நிறுத்தினார்கள். பிறகு விசாரணை வைத்தார்கள். கையுறை போடாத கதை கள அறிக்கையில் இல்லையா என்று தலைமை தாங்கியவர் கேட்டார். நீங்கள் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தீர்கள். இல்லை என்று நான் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை, நானா. நீங்கள் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தீர்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று அன்றைக்கு எனக்கு மூச்சு வந்தது. அந்தத் தலைப்பாகை நீங்கள்.

திரும்பி வரும் வழியில், ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்கவும் எனக்கு வெட்கம் இருக்கவில்லை. நீங்கள் வெளியே பார்த்தபடி சொன்னீர்கள்.

"உங்கள எடுத்துப்போட்டா, வாறவர் நான் எழுதுறத வாசிக்கவும் மாட்டார். நீங்க இரிங்க தங்கச்சி. ஆனா ஒருநாளைக்கு நீங்களே சொல்லிப்போடுங்க. நான் எழுதாம விட்டன் எண்டு சனம் கதைக்கிது, ஊருக்குள்ள எனக்கு நடக்க ஏலாம இரிக்கி."

ஓம் என்று சொன்னேன். உங்களைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். நான் நாள் தள்ளினேன். பதவி உயர்வு வரட்டும், மகளின் கலியாணம் முடியட்டும், இந்த வருடம் போகட்டும். களஞ்சியத்தில் கண்டால் சிரிப்பீர்கள், அதைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நெஞ்சுவலியில் நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள் என்று கந்தோருக்குச் செய்தி வந்தது.

நான் வேலையில் திருந்தினேன் என்பது உண்மை. இப்போது கரைக்குப் போய்க் கைகளைப் பார்க்காமல் ஒரு கட்டத்திலும் சரி போடுவதில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். இது என்னுடைய முறை என்று ஒரு கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். உங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கை தட்டிவிட்டார்கள். தட்டி முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம்.

உங்கள் மௌத்துக்குப் பிறகு, உங்கள் மனைவி வெளி ஆண்களைக் காணாமல் இத்தாவில் இருந்தபோது வீட்டுக்கு வந்தேன். பெண் என்றபடியால் அவர் இருந்த அறைக்குள் விட்டார்கள். தேத்தண்ணீர் தந்து பக்கத்தில் இருத்தினார். நீங்கள் என்னைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லையாம். விசாரணையில் நடந்ததையும் வீட்டில் சொன்னதில்லையாம். ஊர்க் கதைதான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. நான் எழும்பப் போகும் நேரம் என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"மெடம், அவர் அந்த றிப்போட்டில எழுதாம விட்டது உண்மையா? நான் அவரிட்டக் கேக்கல்ல. கேட்டா மனம் நோகும் எண்டு விட்டுட்டன்."

கேட்கத்தான் ஒரு ஆள் இல்லை என்று இத்தனை வருடம் சாட்டுச் சொன்னேனே. அவர் கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் முடிஞ்ச கதை, ராத்தா" என்றேன்.

அவர் என் கையை விட்டார். "அப்ப அவர் எழுதாம விட்டுத்தான் இரிக்கார்" என்று மெல்லச் சொல்லி, வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

நான் அவரைத் திருப்பிக் கூப்பிடவில்லை. உங்களுக்கு இவ்வளவையும் எழுத முடிகிறது, நானா. அவருக்கு ஒரு வரி எழுத இன்னும் ஏலாமல் இருக்கிறது.